இசைத் தயாரிப்புக்கு மேக்கா, விண்டோஸா, லினக்ஸா?

"ஹோம் ஸ்டுடியோ போடலாம்னு இருக்கேண்ணா. மேக்தான் வாங்கணுமா, விண்டோஸ் போதுமா?" கீபோர்டு வாசிக்கிற தம்பிமார் யாராவது ஒருவர் இதைக் கேட்காத மாதம் கிடையாது. கேட்கும்போதே மனதில் ஒரு பதிலும் இருக்கும்: மேக்கில் சவுண்டு நன்றாக வரும், பெரிய ஸ்டுடியோக்களில் அதுதான் இருக்கிறது, கையில் காசு இல்லாதவர்களுக்குத்தான் விண்டோஸ். முதலில் இந்தச் சவுண்டு விஷயத்தை முடித்துவிடலாம்.

ஒரே இசை மென்பொருளை, ரீப்பர் என்றே வைத்துக்கொள்வோம், ஒரு மேக்கிலும் ஒரு விண்டோஸ் கணினியிலும் போடுங்கள். அதே ஆடியோ கோப்புகளை அதே வால்யூமில் வைத்து மிக்ஸ் செய்து, இரண்டிலிருந்தும் ஒவ்வொரு வேவ் கோப்பு எடுங்கள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்து ட்ராக்கில் வைத்து, ஒன்றின் ஃபேஸை மட்டும் (ஒலி அலையின் மேடு பள்ளத்தை) தலைகீழாகத் திருப்பி ஒன்றாக ஓடவிடுங்கள். காதுக்குக் கேட்கும்படி எதுவும் மிஞ்சாது. ஒன்றை ஒன்று அடித்துவிடும். இதற்கு நல் டெஸ்ட் என்று பெயர். கோரஸ் எஃபெக்ட் போல நேரத்துக்கு நேரம் மாறுகிற பிளகின் (இசை மென்பொருளோடு சேர்த்துக்கொள்கிற சின்ன மென்பொருள்) ஏதாவது இருந்தால்தான் லேசாக ஏதோ மிஞ்சும். வீட்டிலேயே செய்து பார்க்கலாம், பத்து நிமிட வேலை. ஒலியை மாற்றுவது மைக், அறை, மைக் சிக்னலைப் பெரிதாக்கும் ப்ரீஆம்ப், அப்புறம் வாசிக்கிறவரின் கை. ஓஎஸ்ஸுக்கு, அதாவது இயங்குதளத்துக்கு, அதில் பங்கு இல்லை.

அப்படியானால் அதன் பங்கு எங்கே? நேரத்தில். ஒலியைச் சரியான நேரத்துக்குள் உள்ளே வாங்கி, சரியான நேரத்துக்குள் வெளியே கொடுப்பதில்தான் ஒரு இயங்குதளத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் வருகிறது. ஆரம்பநிலையில் இருப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டிய ஒரே தொழில்நுட்பம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால் ஒரு விநாடி ஒலி 48,000 சாம்பிள்களாக அளக்கப்படுகிறது. கணினி இவற்றை ஒவ்வொன்றாகக் கையாளாது. 64, 128, 256, 512, 1024 என்று கட்டுக் கட்டாகச் சேர்த்துத்தான் வாங்கும், கொடுக்கும். அந்தக் கட்டின் அளவுக்குப் பெயர் பஃபர் சைஸ். கல்யாணப் பந்தியில் சாம்பார் பரிமாறுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய வாளியோடு வந்தால் அடிக்கடி சமையல்கட்டுக்கு ஓட வேண்டாம், ஆனால் வாளி நிறைந்து வரும்வரை பந்தி காத்திருக்க வேண்டும். சின்னக் கிண்ணத்தோடு வந்தால் உடனே வந்துவிடுவார், ஆனால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் உறவுக்காரர் யாராவது கையைப் பிடித்து நலம் விசாரித்தால் போச்சு, யாரோ ஒருவர் இலை காலியாகிவிடும். ஒலியில் அந்தக் காலி இலைதான் 'டிக்' என்றும் 'கர்ர்' என்றும் கேட்கிற வெட்டு.

இப்போது கணக்கு. பஃபர் 1024 என்றால் 48,000-ஆல் வகுத்தால் சுமார் 21 மில்லிவிநாடி. உள்ளே வர ஒரு 21, வெளியே போக ஒரு 21. மைக்கில் பாடியது ஹெட்ஃபோனில் திரும்பக் கேட்பதற்குள் 43 மில்லிவிநாடி ஆகிவிடும். ஒலி காற்றில் ஒரு மில்லிவிநாடிக்கு 34 சென்டிமீட்டர் போகும். ஆக, பதினாலு பதினைந்து மீட்டர் தள்ளி நின்று தன் மிருதங்கத்தைத் தானே கேட்பது போல. இந்த நிலையில் ஒரு நல்ல வித்வான்கூட இழுத்து இழுத்து வாசிப்பார், பிறகு "க்ளிக் ஓடுதா சரியா?" என்று உங்களைச் சந்தேகிப்பார். பஃபரை 128 ஆக்கினால் போக வர சேர்ந்து ஐந்தரை மில்லிவிநாடிக்குள். மைக்கைக் கணினியோடு இணைக்கிற பெட்டியான இன்டர்ஃபேஸின் கன்வெர்ட்டரும், அந்தப் பெட்டியைக் கணினியோடு பேச வைக்கிற மென்பொருளான டிரைவரும் எடுத்துக்கொள்கிற நேரத்தைச் சேர்த்தாலும், டிரைவர் நல்லதாக இருந்தால் பெரும்பாலும் பத்துக்குள் அடங்கும். அது யாருக்கும் உறுத்தாது.

பாட்டை மட்டும் பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. அநேகமாக எல்லா இன்டர்ஃபேஸிலும் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பட்டனோ திருகோ இருக்கும். அதைப் போட்டால் மைக் ஒலி கணினிக்குள் போய்த் திரும்பாமல் நேராக ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும், லேட்டன்சி என்கிற இந்தத் தாமதப் பேச்சே இல்லை. ஆனால் ஒலி தராமல் எந்தக் கட்டையை அழுத்தினீர்கள் என்ற தகவலை மட்டும் அனுப்புகிற மிடி கீபோர்டில் மென்பொருள் வயலினையோ வீணையையோ வாசிக்கிறவருக்கு இது உதவாது, ஏனென்றால் அந்த ஒலி பிறப்பதே கணினிக்குள்தான். பிட்ச் வீலில் கமகம் பிடிக்கிறவருக்குக் கையும் காதும் ஒன்றாக ஓட வேண்டும். பஃபர் சின்னதாக இருந்தே ஆக வேண்டும்.

சின்ன பஃபரில் வெட்டு இல்லாமல் ஓடுவதுதான் ஒரு இசைக் கணினிக்கு உண்மையான பரீட்சை. அதைச் சோதிக்கத் தம்புரா சுருதியை விட நல்ல பொருள் இல்லை. டிரம்ஸும் கிட்டாரும் நிறைந்த பாட்டில் ஒரு சின்ன 'டிக்' ஒளிந்துகொள்ளும். ஓடிக்கொண்டே இருக்கிற சுருதியில் அது ஊசி குத்துவது போலக் கேட்டுவிடும்.

சரி, இந்தப் பரீட்சையில் யார் எப்படி?

மேக்கில் ஒலிக்கான வழி இயங்குதளத்துக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. கோர் ஆடியோ என்று பெயர். யூட்யூப் ஓடுவதும், ஆப்பிளின் இசை மென்பொருளான லாஜிக்கில் பதிவு செய்வதும் அதே பாதையில்தான். யூஎஸ்பி தரநிலையை அப்படியே பின்பற்றும் இன்டர்ஃபேஸ் என்றால் தனி டிரைவர்கூட வேண்டாம், செருகினால் வேலை செய்யும். இரண்டு இன்டர்ஃபேஸ்களைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் அக்ரிகேட் டிவைஸ் என்ற வசதியும் உண்டு: ஆடியோ மிடி செட்டப் என்ற சின்ன ஆப்பைத் திறந்து, கூட்டல் குறியை அழுத்தி, இரண்டையும் டிக் செய்து, ஒன்றைக் கடிகாரமாக வைத்து, மற்றது அதிலிருந்து நேரம் விலகாமல் இருக்க அதற்கு ட்ரிஃப்ட் கரெக்‌ஷன் போட்டால் முடிந்தது. நாலு மைக்குக்கு மட்டுமே இடமுள்ள பெட்டியை வைத்துக்கொண்டு கச்சேரி பதிவுக்குப் போகிற ஒருவருக்கு இது ஒரு வரம்.

விண்டோஸ் வேறு விதமாக வளர்ந்தது. அலுவலகம், விளையாட்டு, வீடியோ என்று எல்லாருக்குமாகச் செய்யப்பட்டதால், எல்லா ஆப்களின் ஒலியையும் கலந்து அனுப்பும் மிக்சர் ஒன்று நடுவில் உட்கார்ந்திருந்தது. கலப்பதற்கு நேரம் பிடிக்கும். அதைச் சுற்றிப் போக ஜெர்மனியின் ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1997-இல் ஆசியோ என்ற தனிப்பாதையைப் போட்டது. இன்றுவரை விண்டோஸில் தொழில்முறைப் பதிவு நடப்பது பெரும்பாலும் அந்தப் பாதையில்தான். மைக்ரோசாஃப்ட் பிற்பாடு வாசாப்பி என்று தன் பங்குக்கு ஒன்று கொண்டுவந்தது, அதுவும் மோசமில்லை. ஆனால் ஸ்டுடியோ ஆட்கள் ஆசியோவை விடவில்லை.

இதிலிருந்து ஒன்று புரியும். விண்டோஸில் உங்கள் அனுபவம் நன்றாக இருப்பதும் நாறுவதும், இன்டர்ஃபேஸ் செய்த நிறுவனம் எழுதிக் கொடுத்த ஆசியோ டிரைவரைப் பொறுத்தது. ஆர்எம்இ மாதிரி டிரைவருக்காகவே பேர் வாங்கிய நிறுவனங்களின் பெட்டி விண்டோஸில் 64 சாம்பிளில் அமைதியாக ஓடும். டிரைவரே தராத மலிவுப் பெட்டியை வாங்கி, ஆசியோஃபோர்ஆல் என்ற பொது உறையைப் போட்டு ஓட்டிவிட்டு, "விண்டோஸ் சரியில்லை" என்பவர்கள் நிறையப் பேர். அந்த உறை அவசரத்துக்கு உதவும். அதை நம்பித் தொழில் நடத்த வேண்டாம்.

விண்டோஸில் இன்னொரு தொல்லை, கையைப் பிடித்து நிறுத்துகிற அந்த உறவுக்காரர். வைஃபை டிரைவர், கிராஃபிக்ஸ் டிரைவர், பேட்டரியைப் பார்த்துக்கொள்கிற டிரைவர், இவற்றில் ஏதாவது ஒன்று பிராசசரைச் சில மில்லிவிநாடிகள் பிடித்து வைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சிபியு 15 சதவீதம்தான் ஓடுகிறது என்று காட்டும், ஆனால் ஸ்பீக்கரில் வெட்டு வந்துகொண்டே இருக்கும். குழம்பாதீர்கள். லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியை இறக்கி ஒரு பத்து நிமிடம் ஓடவிடுங்கள். எந்த டிரைவர் எவ்வளவு நேரம் பிடித்தது என்று பெயர் போட்டுக் காட்டும். வைஃபையை அணைத்ததும் வெட்டு நின்றால் ஆள் அகப்பட்டுவிட்டான் என்று அர்த்தம். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுவது, யூஎஸ்பி போர்ட் தூங்கப் போவதைத் தடுப்பது, இவையும் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். ஒருநாள் உட்கார்ந்து சீர்செய்துவிட்டால் நன்றாக ஓடும். அந்த ஒருநாள் உட்காரப் பொறுமை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மேக்கிலும் புதியவர்களை அழ வைக்கிற விஷயம் ஒன்று உண்டு. புது மேக், புது இன்டர்ஃபேஸ், மைக்கில் சிக்னல் வருவதாக இன்டர்ஃபேஸின் பச்சை விளக்கு காட்டுகிறது, ஆனால் மென்பொருளில் பதிவானது ஒரு நேர்கோடு. கேபிளை மாற்றுவார்கள், மைக்கை மாற்றுவார்கள், இன்டர்ஃபேஸைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போவார்கள். விஷயம் என்னவென்றால், அந்த மென்பொருளுக்கு மைக்ரோஃபோன் அனுமதி கொடுக்கப்படவில்லை. முதல்முறை திறக்கும்போது வந்த சின்னப் பெட்டியில் 'வேண்டாம்' என்று அழுத்தியிருப்பார்கள். சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் போய் மைக்ரோஃபோனில் அந்த மென்பொருளை ஆன் செய்து, மென்பொருளை மூடித் திறந்தால் ஒலி வந்துவிடும்.

இதுவரை சொன்னதை வைத்து மேக் ஒரு படி முன்னால் என்று தோன்றலாம். வேலையைத் தொடங்கும் முதல் நாளில் அது உண்மைதான். ஆனால் எதை வாங்குவது என்று தீர்மானிப்பது இது கிடையாது. என் கருத்தில் ஓஎஸ் என்பது முதலில் எடுக்கிற முடிவே இல்லை. என்ன வேலை செய்யப் போகிறீர்கள், யாரோடு செய்யப் போகிறீர்கள், அவர்கள் எந்த மென்பொருளில் இருக்கிறார்கள், அந்த மென்பொருளும் உங்கள் பிளகின்களும் இன்டர்ஃபேஸும் எதில் ஓடும் என்று ஒவ்வொரு படியாக இறங்கி வந்தால், கடைசியில் ஓஎஸ் தானாக முடிவாகிவிடும்.

லாஜிக் ப்ரோதான் வேண்டும் என்றால் பேச்சே இல்லை, மேக்தான். ஒரு காலத்தில் அது விண்டோஸிலும் ஓடியது. அதைச் செய்த எமேஜிக் நிறுவனத்தை 2002-இல் ஆப்பிள் வாங்கி, விண்டோஸ் பதிப்பை நிறுத்திவிட்டது. அன்று விண்டோஸில் லாஜிக்கை நம்பித் தொழில் நடத்தியவர்கள் ஒன்று கணினியை மாற்றினார்கள், அல்லது மென்பொருளை மாற்றினார்கள். எஃப்எல் ஸ்டுடியோ நேர்மாறு: 1997-இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் விண்டோஸில் பிறந்து, 2018-இல்தான் மேக்குக்கு முறையாக வந்தது. இன்று கியூபேஸ், நியூயெண்டோ, ஏபிள்டன் லைவ், ப்ரோ டூல்ஸ், ஸ்டுடியோ ஒன், ரீப்பர் எல்லாமே இரண்டிலும் ஓடுகின்றன. ஆக, லாஜிக் ஒன்றைத் தவிர்த்தால், மென்பொருளுக்காக மேக் வாங்கியே தீர வேண்டிய கட்டாயம் அநேகமாக இல்லை.

பிளகின் விஷயத்தில் வடிவங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விஎஸ்டி இரண்டு தளத்திலும் உண்டு. ஆடியோ யூனிட்ஸ் ஆப்பிளுக்கு மட்டும். ஏஏஎக்ஸ் ப்ரோ டூல்ஸுக்கு. பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு லைசென்ஸை வாங்கினால் இரண்டு தளத்துக்கும் இன்ஸ்டாலர் கொடுத்துவிடும், அதனால் பின்னாளில் மாறினாலும் காசு வீணாகாது. மாறும்போது நிஜமாகவே நஷ்டமாவது பழைய லாஜிக் ப்ராஜெக்ட்கள்தான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் ஊரில் "விண்டோஸ் க்ராஷ் ஆகுது" என்கிற புகார்களில் நல்ல பங்கு க்ராக் செய்த பிளகின்களால் வருவது. லைசென்ஸ் சோதனையை உடைத்து, யாரோ கை வைத்து, வைரஸ் பாதுகாப்பை அணைத்துவிட்டு நிறுவச் சொல்கிற கோப்பு அது. வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அது விழுந்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? மென்பொருளோடு வருகிற, ஒலியைச் சீர்செய்யும் ஈக்யூவும் கம்ப்ரெசரும் வைத்தே நல்ல மிக்ஸ் செய்யலாம். ரீப்பரின் தனிநபர் லைசென்ஸும் பெரிய மென்பொருள்களோடு ஒப்பிட்டால் மலிவுதான்.

யாரோடு வேலை செய்கிறீர்கள் என்பதற்கு வருவோம். சினிமா சவுண்டு பக்கம் போகிறவர்கள் ப்ரோ டூல்ஸைத் தவிர்க்க முடியாது. படத்தின் ஒலிகளைக் கலக்கிற மிக்ஸிங் ஸ்டேஜ்கள் உலகம் முழுக்கப் பெரும்பாலும் அதைச் சுற்றி அமைந்தவை. சென்னை ஸ்டுடியோக்களில் லாஜிக், கியூபேஸ், நியூயெண்டோ மூன்றையும் பார்க்கலாம். ஒரு இசையமைப்பாளரிடம் இசை புரோகிராமராகச் சேரப் போகிறீர்கள், அவர் லாஜிக்கில் இருக்கிறார் என்றால், உங்களுக்கு எது பிடிக்கும் என்பது எடுபடாது. தினமும் ராத்திரி அவருடைய ப்ராஜெக்டைத் திறந்து திருத்தி அனுப்ப வேண்டியது உங்கள் வேலை.

ஆனால் தனியாக வேலை செய்து கோப்புகளை மட்டும் அனுப்புகிறவருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. எல்லா ட்ராக்கையும் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்புகளாக, எல்லாமே பாட்டின் பூஜ்ஜிய விநாடியிலிருந்து தொடங்கும்படி எடுத்து, டெம்போவை ஒரு வரியில் எழுதி அனுப்பினால் வாங்குகிறவர் எந்தக் கணினியிலும் திறப்பார். கோப்பைப் போட்டுக் கொடுக்கிற டிஸ்க்கை மட்டும் எக்ஸ்ஃபேட் வடிவத்தில் வையுங்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது. ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் டிஸ்க்கை விண்டோஸ் படிக்கவே படிக்காது.

பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வைத்துப் பின்னணி இசை எழுதுகிற உலகில் மேக்கா விண்டோஸா என்ற சண்டையே காணாமல் போய்விடுகிறது. முன்னால் ஒரு மேக், அதில் லாஜிக்கோ கியூபேஸோ. பின்னறையில் நிறைய மெமரி (ரேம்) போட்ட விண்டோஸ் கணினிகள், அவற்றில் வயலின், பித்தளை வாத்தியம் எல்லாம் ஏற்றி வைத்திருக்கும். வியன்னா ஆன்சாம்பிள் ப்ரோ என்ற மென்பொருள் வழியாக நெட்வொர்க் கேபிளில் ஒலி வந்து சேரும். காரணம் எளிமையானது. பதிவு செய்த வாத்திய ஒலித் தொகுப்புகளான சாம்பிள் லைப்ரரிகள் மெமரியை விழுங்கும், இன்றைய மேக் லேப்டாப்பில் மெமரியைப் பின்னால் கூட்ட முடியாது, விண்டோஸ் டெஸ்க்டாப்பில் மூடியைக் கழற்றி இன்னொரு ஸ்டிக்கைச் செருகிவிடலாம். மேக் வாங்குகிறவர்கள் ஸ்டோரேஜைக் குறைத்தாவது மெமரியை அதிகம் எடுங்கள். சாம்பிள்களை வெளி எஸ்எஸ்டியில் வைத்துக்கொள்ளலாம், மெமரியை வெளியே வைக்க வழி இல்லை.

மேக்கின் பக்கம் இருக்கிற நிஜமான பலம் 2020-இல் வந்த எம்1 சிப்பிலிருந்து தொடங்குகிறது. மேக்புக் ஏரில் ஃபேனே இல்லை. பாடுகிறவரும் கணினியும் ஒரே அறையில் இருக்கிற வீட்டு ஸ்டுடியோவில், ஏசியையும் ஃபேனையும் அணைத்துவிட்டு வியர்வையோடு பதிவு செய்கிற நமக்கு, இன்னொரு விசிறிச் சத்தம் இல்லாதது பெரிய விஷயம். நீண்ட நேரம் கனமான மிக்ஸ் ஓடினால் ஏர் சூடாகித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். அதே காசுக்கு விண்டோஸில் பெரும்பாலும் அதிக மெமரியும் ஸ்டோரேஜும் கொண்ட டெஸ்க்டாப் கட்டலாம். அதை வேறு அறையில் வைத்து நீளமான கேபிள் இழுத்தால் சத்தமும் இல்லை.

ஸ்னாப்டிராகன் சிப் வைத்த விண்டோஸ் லேப்டாப்பை மட்டும் இப்போதைக்குப் பார்த்து வாங்குங்கள். பழைய ஆப்களை அது மொழிபெயர்த்து ஓட்டிவிடும். டிரைவரை அப்படி ஓட்ட முடியாது. உங்கள் இன்டர்ஃபேஸ் நிறுவனம் அந்தச் சிப் வகைக்கான ஆர்ம் டிரைவர் தந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பணத்தைக் கொடுக்க வேண்டும்.

லினக்ஸ்? அன்போடு சொல்கிறேன், அது முன்பு போல இல்லை. ஒலியைக் கையாளும் பைப்வயர் என்ற மென்பொருள் வந்த பிறகு ஒலி அமைப்பு எவ்வளவோ எளிதாகிவிட்டது. குறித்த நேரத்துக்குள் வேலையை முடிக்கும் ரியல்டைம் வசதி பல ஆண்டுகள் தனியாகச் சேர்க்க வேண்டிய பேட்ச்சாக இருந்து, 2024-இல் வந்த 6.12 கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) மூலத்திலேயே சேர்ந்துவிட்டது. ஆர்டர் (Ardour), ரீப்பர், பிட்விக் என்ற இசை மென்பொருள்களும் பியானோடெக் என்ற மென்பொருள் பியானோவும் நேரடியாக ஓடும். உபுண்டு ஸ்டுடியோ போட்டால் பெரும்பாலான அமைப்புகள் தயாராகவே வரும். பேண்டை வைத்துப் பதிவு செய்பவர், பாட்காஸ்ட் செய்பவர், பழைய கணினியை உயிர்ப்பிக்க நினைப்பவர், தாராளமாக வரலாம். ஆனால் ப்ரோ டூல்ஸ், லாஜிக், கியூபேஸ், ஏபிள்டன், எஃப்எல் எதற்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. சாம்பிள் வாத்தியங்களை ஓட்டும் கான்டாக்ட் இல்லை. ஐலாக் லைசென்ஸ் கேட்கிற பிளகின்கள் பெரும்பாலும் ஓடா. விண்டோஸ் பிளகின்களை யாபிரிட்ஜ் என்ற இணைப்பு மென்பொருள் வழியாக ஓட்டலாம், பல ஓடவும் செய்யும், சில ஒரு அப்டேட்டுக்குப் பிறகு நின்றுவிடும். மற்றவர்களின் ப்ராஜெக்டைத் திறந்துதான் பிழைக்க வேண்டும் என்றால் லினக்ஸை இரண்டாவது கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு வருவது அப்டேட். இதில்தான் தொழில்முறை ஆளும் பொழுதுபோக்குக்காரரும் பிரிகிறார்கள். ஆப்பிள் ஆண்டுதோறும் புதிய மேக்ஓஎஸ் விடும், விடும்போது பழையதைத் தயங்காமல் வெட்டும். 2019-இல் கேட்டலினா 32 பிட் மென்பொருள்களை ஒரேயடியாக நிறுத்தியது; எத்தனையோ பழைய பிளகின்கள் அதோடு போயின. 2025-இல் வந்த டஹோ பதிப்பில் ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு முறைக்கான ஆதரவு போயிற்று, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த இன்டர்ஃபேஸ்கள் அப்படியே அலமாரிக்குப் போயின. விண்டோஸ் இந்த விஷயத்தில் தாராளம், பத்து வருடத்துக்கு முந்தைய பிளகினும் பெரும்பாலும் திறக்கும். ஆனால் நடுராத்திரியில் தானாக அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்துகொள்கிற பழக்கம் அதற்கு உண்டு. பாட்டைக் கோப்பாக எடுக்கும் வேலையை ஓடவிட்டுத் தூங்கப் போகும் முன் அப்டேட்டை நிறுத்தி வையுங்கள். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால், அதிலேயே ஓடும் ஸ்டுடியோ கணினியை இணையத்திலிருந்து துண்டித்து வைப்பது நல்லது.

எந்தத் தளமானாலும், பெரிய அப்டேட் போடும் முன் மூன்றைப் பாருங்கள்: இசை மென்பொருளின் நிறுவனம், இன்டர்ஃபேஸ் நிறுவனம், நீங்கள் தினமும் தொடுகிற பிளகின்களின் நிறுவனம். மூன்றும் புதிய பதிப்புக்குச் சரி என்று அறிவிக்கும்வரை அந்தப் பட்டனைத் தொட வேண்டாம். கையில் ஒரு படமோ ஆல்பமோ பாதியில் இருந்தால், அறிவித்த பிறகும் தொட வேண்டாம். முடிந்த வேலைகளை ப்ராஜெக்ட் கோப்பாக மட்டும் வைக்காமல், ஒவ்வொரு ட்ராக்கையும் எஃபெக்டோடு ஒன்று, எஃபெக்ட் இல்லாமல் ஒன்று என வேவ் கோப்பாகவும் எடுத்து வையுங்கள். பத்து வருடம் கழித்து அந்தப் பாட்டின் கரோக்கி வேண்டும் என்று தயாரிப்பாளர் ஃபோன் செய்யும்போது, அன்று உங்களிடம் என்ன கணினி இருந்தாலும் அது திறக்கும்.